வலப்பக்கக் கீழ்மூலை

மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் காலைப்பணியை முடித்து வீடு திரும்பியதும், கைத்தடியை மடக்கிக் கதவுக்குப் பின்னாலுள்ள கொக்கியில் மாட்டி, முகம் கழுவி, சாப்பிட்ட தட்டைத் துலக்கி வைத்துவிட்டு, சன்னலோரக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து ஒரு மலைக்குள் நடந்துபோவது அவளுடைய வழக்கம். பிற்பகல் தூக்கத்துக்குச் சிலர் வானொலியைத் துணைக்கு வைத்துக்கொள்வார்கள். சிலர் மின்விசிறியின் கிறீச்சலையே தாலாட்டாக்கிக்கொள்வார்கள். அவளுக்கு அந்த மலை.

அது ஓர் ஓவியத்திலிருக்கும் மலை. நகரத்துக் கலைக்கூடத்தின் கடைசி அறையில், இரட்டைக் கதவளவு பெரிய சட்டத்துக்குள் தொங்குகிறது. அவள் அதைக் கண்ணால் கண்டதில்லை. கல்லூரியை முடித்த வயதில் வந்த காய்ச்சலொன்று போகும்போது பார்வையையும் எடுத்துக்கொண்டு போனது. நிறங்களின் நினைவை மட்டும் விட்டுவைத்தது. ஓவியம் கலைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது அதற்கு வெகுநாள் கழித்துத்தான். ஆனாலும் அதன் ஒவ்வொரு கல்லையும் அவள் அறிவாள். அங்கே விளக்குநராக வேலை பார்க்கும் அண்ணன் சொல்லிச் சொல்லி அறிந்தது.

அண்ணன் ஓவியத்தைச் சொல்லும் முறையே தனி. மாதத்தில் ஒருநாள், பொதுமக்கள் வருவதற்கு முன்பாக, பார்வையற்றோர் சிலரைக் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போவார். தம் முழங்கையைச் சற்றே மடக்கி நீட்டி, "பிடிச்சுக்கங்க" என்பார். முன்னால் நிற்பவர் அந்த முழங்கைக்குக் கொஞ்சம் மேலே பிடித்துக்கொள்ள, அவருடைய தோளை அடுத்தவர் பிடித்துக்கொள்ள, அண்ணன் அரை அடி முன்னால் நடப்பார். ஓவியத்தின் எதிரே வந்து நின்ற பிறகும் பிடியை விடச் சொல்லமாட்டார். "இடது பக்கம் கீழ்மூலையில இருந்து ஏறுறோம். காலுக்கடியில சரளைக்கல். பார்த்து" என்பார். பளிங்குத் தரையில் நின்றிருப்பவர்களின் பாதங்கள் தாமாகவே எச்சரிக்கை கொள்ளும்.

சரளைப் பாதை. இடி விழுந்து கருகிய பைன் மரம். அதைக் கடந்தால் நடுவில் ஒரு பாறை. பாறைமேல் நீண்ட கைத்தடியை ஊன்றிக்கொண்டு, நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு பயணி. அவனுக்கு அப்பால் வெண்ணிற மூடுபனி. இடப்பக்கம் உயரே, மாலை வெயிலைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கும் பனிச்சிகரம்.

"அவன் சிகரத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான்" என்பார் அண்ணன். "ஓவியர் மலையைப் பெருசா வரையல. மனுஷனைச் சின்னதா வரைஞ்சார். மலை தானா பெருசாயிடுச்சு. முகத்தை நமக்குக் காட்டல பாருங்க, அதுதான் சூட்சுமம். முகம் தெரியாதவன் இடத்துலதான் நாம போய் நிக்க முடியும்."

முதன்முறை அங்கே போன நாளில், குழுவிலிருந்த டைப்பிஸ்ட் அக்கா குறுக்கிட்டார். ஓய்வு பெற்றும் பட்டப்பெயர் விடவில்லை அவரை.

"இவ்வளவு தூரம் நடக்க வச்சுட்டியேப்பா. உன் மலையில உட்கார ஒரு இடம் கிடையாதா? முட்டி வலிக்குது."

"படத்துக்குள்ளயுமா உனக்கு முட்டி வலிக்குது?" என்றார் பக்கத்திலிருந்தவர். பியானோக்களுக்குச் சுருதி கூட்டுவது அவர் தொழில். எல்லோருக்கும் அவர் ட்யூனர்.

"நான் போற இடத்துக்கெல்லாம் என் முட்டியும் கூட வரும், சார். நீங்க மூளையை விட்டுட்டு வர்ற மாதிரி அதை வீட்டுல விட்டுட்டு வர முடியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். பிறகு ஒரு சிறிய இடைவெளி. பிறகு சொன்னார்: "இருக்குக்கா. பாறையைத் தாண்டி வலது பக்கம் கீழ இறங்குங்க. கீழ்மூலை பூரா புல்வெளி. மெத்தை மாதிரி. உட்காருங்க."

அவர்கள் உட்கார்ந்தார்கள். அங்கே உட்காரவைத்துத்தான் ஒரு கதையும் சொன்னார். கிணற்றிலிருந்த தவளை ஒன்றுக்கு ஒரு காக்கை தினமும் வந்து வானத்தை விவரிக்குமாம்: மேகம் எப்படி இருக்கும், நட்சத்திரம் எப்படி மினுங்கும் என்று. தவளை கிணற்றுக்குள் இருந்தபடியே வானத்தில் வாழ்ந்ததாம். "அந்தத் தவளை கடைசில வெளிய வந்துச்சா, வரலையா?" என்று டைப்பிஸ்ட் அக்கா கேட்க, "அது அடுத்த மாசம்" என்று தப்பித்துக்கொண்டார். அடுத்த மாதம் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குப் புல்வெளியே போதுமானதாக இருந்தது.

அன்று முதல் அவளுடைய பிற்பகல்கள் அங்கே முடிந்தன. கண்ணை மூடுவாள், அவளுக்கு அது பழைய பழக்கத்தின் மிச்சம். சரளை, மரம், பாறை, பயணியின் முதுகு, வலப்பக்கம் இறக்கம், புல். உட்காருவாள். தூக்கம் வந்து பக்கத்தில் உட்காரும்.

இந்தக் கோடையின் ஒரு பிற்பகலில்தான் புல்லுக்கு வாசனை இல்லை என்பதை அவள் கவனித்தாள்.

சரியாகச் சொன்னால், வேறு வாசனை இருந்தது. வெயில் பட்ட புல்லின் இளஞ்சூடான வாசனை இருக்கவேண்டிய இடத்தில், பல காலம் திறக்கப்படாத தண்ணீர்த் தொட்டியின் மூடியை நகர்த்தினால் எழுமே, அந்தக் குளிர்ந்த, பாசி பிடித்த கல்லின் நெடி மெல்ல வந்து மூக்கின் அடியில் நின்றது. கையை ஊன்றினாள். ஈரம். எங்கோ கீழேயிருந்து, ஒரு கூடத்தின் மறுகோடியிலிருந்து கேட்பதுபோல, யாரோ சிரித்தார்கள். மூச்சை உள்ளிழுத்து முடிவில் விக்குகிற சிரிப்பு. டைப்பிஸ்ட் அக்காவின் சிரிப்பு.

விழித்துக்கொண்டாள். மின்விசிறி கிறீச்சிட்டது. தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தபோது உள்ளங்கால்களில் நறநறவென்று மணல் உறுத்தியது. ஈரமணல். குளியலறைக் குழாய் ஒழுகியிருக்கும், தூக்கக் கலக்கத்தில் நடந்திருப்போம் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். குழாயைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

அந்த மாதக் கூட்டத்துக்கு டைப்பிஸ்ட் அக்கா வரவில்லை.

"அவங்க தவறிட்டாங்க பாப்பா" என்றார் அண்ணன், தணிந்த குரலில். நாற்பதைத் தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான். "மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவங்க எழுந்திருக்கல. கஷ்டப்படாம போயிட்டாங்களாம்."

"கஷ்டப்படாமலா? ஒரு நாள் காலைல ஒரு பொண்ணு, நேத்து மத்தியானம் படுத்த சித்தி எழுந்திருக்கலன்னு எங்க ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணாளே, நான்தான் டாக்டருக்கு லைன் கொடுத்தேன். உள்ளங்கை ரெண்டும் தோல் உரிஞ்சிருக்குன்னு அழுதாளே. அது அக்கா வீடுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

ட்யூனரும் குளிர்காலத்தில் அப்படித்தான் போனார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவருக்கும் பிற்பகல் தூக்கம் பழக்கம். அவரும் புல்வெளியைப் பற்றியே பேசுவார்.

அன்று அண்ணன் மலையை வழக்கம்போலச் சொன்னார். சரளை, மரம், பாறை, பயணி. புல்வெளிக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

"அண்ணா, வெளிச்சம் எங்கிருந்து வருது?"

"சிகரத்துக்குப் பின்னாலிருந்து. ஓரம் மட்டும் தங்கக் கம்பி மாதிரி ஜொலிக்குது."

"சிகரம் இடது பக்கம் மேல. அப்ப மலையோட நிழல் எங்க விழும்?"

"நிழலா?"

"வலது பக்கம் கீழதானே விழணும்? புல்வெளியில வெயில் அடிக்குதுன்னு சொல்றியே, எப்படி?"

குழுவில் ஒருவர், "கேள்வி கேட்டே ஆளைக் கொல்றாங்கப்பா" என்று சிரித்தார். அவள் விடவில்லை.

"நீதானே சொல்லுவே, ஓவியம் தராசு மாதிரின்னு. ஒரு தட்டுல வெளிச்சத்தை வச்சா இன்னொரு தட்டுல இருட்டை வச்சாகணும், இல்லாட்டிப் படம் சாய்ஞ்சுடும்னு. அவ்வளவு பெரிய வெளிச்சத்தை மேல வச்சவர், இருட்டை எங்க வச்சார்?"

"மூடுபனி இருக்கே பாப்பா. அதுதான் அந்தக் கனம்."

"மூடுபனி வெள்ளைன்னு சொன்னே."

அவள் நாள் முழுதும் குரல்களோடு வாழ்கிறவள். பொய் சொல்லப்போகிறவர் வேகமாகப் பேசமாட்டார். முதல் சொல்லுக்கு முன்னால் மூச்சை ஒரு கணம் நிறுத்திக்கொள்வார். நோயாளியைப் பார்க்க வந்துகொண்டேயிருப்பதாகச் சொல்லும் உறவினர்களிடம், அறுவைச் சிகிச்சையில் இருப்பதாகச் சொல்லச் சொல்லும் மருத்துவர்களிடம், அந்த ஒரு கணத்தை அவள் ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள். அண்ணனின் குரலை மட்டும் அவள் ஒருபோதும் அப்படிக் கேட்டதில்லை. சொந்தக் கண்ணை யார் சோதிப்பார்கள்?

இப்போது கேட்டாள். மூச்சு நின்றது. "புல்வெளியில வெயில் இருக்கு பாப்பா" என்றார் அண்ணன்.

அதன்பின் அவள் பிற்பகல்களில் படுப்பதைத் தவிர்த்தாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வானொலியை வைத்துக்கொண்டாள். அலமாரியிலிருந்த துணிகளையெல்லாம் எடுத்து மறுபடி மடித்தாள். ஆனால் பழக்கம் என்பது வாசல்வரை வந்து குரைத்துவிட்டுப் போகிற நாயல்ல. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது, அதற்கு எல்லாக் கதவும் தெரியும். மடித்த புடைவை மடியில் இருக்கும்போதே தலை சாய்ந்தது.

சரளையும் மரமும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே சரிவில் இருந்தாள். கல் வழுக்கியது. உட்கார்ந்திருந்த இடம் அவளுக்கு அடியில் மெல்ல, மிக மெல்ல, இறங்கிக்கொண்டிருந்தது. இரு கைகளாலும் பற்றினாள். விரல்களுக்கு இடையில் பாசி நசுங்கியது. கீழே நீர் சொட்டும் ஓசை. கீழே மூச்சுகள்.

"பாப்பா, வா. இங்க உட்கார இடம் இருக்கு."

டைப்பிஸ்ட் அக்காவின் குரல். ஆனால் சிரிப்பு இல்லை.

"உங்க அண்ணன்தான் சொன்னான், மெத்தை மாதிரின்னு."

விழித்தபோது வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கைகள் தோலுரிந்து எரிந்தன. நாவால் தொட்டுப் பார்த்தாள். உப்பு.

மறுநாள் பணி முடிந்ததும் அவள் அண்ணனைக் கூப்பிடவில்லை, அண்ணியைக் கூப்பிட்டாள். அண்ணி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். வாய்க்குச் சர்க்கரை தடவத் தெரியாதவள். இருவரும் சீட்டு வாங்கிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், கடைசி அறைக்குப் போனார்கள். அங்கே பார்வையாளர் எவருமில்லை. குளிரூட்டி முனகிக்கொண்டிருந்தது.

"உங்க அண்ணன் மாதிரி ரசிச்சுச் சொல்ல எனக்கு வராதும்மா. மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரிதான் படிப்பேன்."

"அதுதான் வேணும், அண்ணி."

"இடது ஓரத்துல பாதை. கருகின மரம். நடுவுல பாறை. பாறை மேல ஒருத்தன், முதுகைக் காட்டிக்கிட்டு."

"சிகரத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான்."

"எங்க பார்க்கிறான்? குனிஞ்சு கீழ பார்க்கிறான். கிணத்துக்குள்ள எதையோ போட்டுட்டு எட்டிப் பார்க்கிறவன் மாதிரி. மலையை ஏறெடுத்தும் பார்க்கல."

"கீழ என்ன இருக்கு? வலது பக்கம், கீழ்மூலை?"

"பள்ளம்."

"புல்வெளி இல்லையா?"

"புல்லா? ஒரு இலைகூட இல்லம்மா. கால்வாசிப் படம் கறுப்பு. பாதை, மரம், அந்த ஆளோட தடி, எல்லாமே அந்தப் பக்கமாத்தான் சாயுது. பார்க்கிறவங்க கண்ணும் அங்கதான் வழுக்கிக்கிட்டுப் போய் விழுது." அண்ணி ஓரடி முன்னால் போனாள்; செருப்பு தேய்ந்தது. "உள்ள ஈரப்பாறை. ஏதோ சின்னச் சின்னதா வெள்ளையா... தூரிகை தெறிச்ச மாதிரி. முகம் மாதிரியும் இருக்கு. போகலாம் வா. எனக்கு இந்தப் படம் பிடிக்கல."

அப்போது பின்னால் காலடி கேட்டு நின்றது. அந்த நடையை அவள் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் காண்பாள். இத்தனை காலமும் அரை அடி முன்னால் கேட்ட நடை.

"சொல்லிட்டியா?" என்றார் அண்ணன், மனைவியிடம்.

"நீங்க சொல்லாததைச் சொன்னேன்."

அவள் திரும்பினாள்.

"ஏன் அண்ணா?"

"அந்த அக்கா உட்கார இடம் கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. ஏற்கெனவே இருட்டுல இருக்கிறவங்ககிட்ட அங்கயும் ஒரு இருட்டுதான் இருக்குன்னு சொல்ல மனசு வரல. ஒரே ஒரு மூலைதானேன்னு..."

"எங்களுக்கு இருட்டுன்னா பயம்னு உனக்கு யார் சொன்னது? நான் இருட்டோட குடித்தனம் நடத்துறவ. எனக்குப் பயம் பள்ளம்தான். பள்ளம் இருக்குன்னா சொல்லத்தானே உன் கையைப் பிடிச்சேன்? உன் வார்த்தைதான் எனக்குத் தரை. தரையில்லாத இடத்துல உட்கார வச்சுட்டியே!"

அண்ணி எதுவும் புரியாமல் நின்றாள். அவள் தன் உள்ளங்கைகளை விரித்து நீட்டினாள். அண்ணனின் விரல்கள் வந்து காயத்தைத் தொட்டன, சுட்டுக்கொண்டதுபோல விலகின. கனவை, மணலை, அக்காவின் குரலை, எல்லாவற்றையும் சொன்னாள். பைத்தியமா என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தாள்; கேட்டால் நன்றாயிருக்கும் என்றுகூட ஏங்கினாள். அவர் கேட்கவில்லை.

"அந்த வெள்ளைப் புள்ளி," என்றார், "முன்னாடி இல்ல பாப்பா."

"எப்ப பார்த்தே?"

மூச்சு நிற்கவில்லை இம்முறை. "ட்யூனர் போன அப்புறம் ஒண்ணு. அக்கா போன அப்புறம் இன்னொண்ணு. இப்ப மூணாவதா ஒண்ணு, பள்ளத்தோட விளிம்புல, பாதி வரைஞ்ச மாதிரி..."

"தெரிஞ்சும் அன்னைக்குப் புல்வெளின்னு சொன்னே. வெயில் அடிக்குதுன்னு சொன்னே."

"பயந்துட்டேன். வாயால சொன்னா நிஜமாயிடும்னு பயந்துட்டேன்."

காய்ச்சல் பார்வையை எடுத்துக்கொண்டுபோன நாளில்கூட அவள் அவ்வளவு குருடாக உணர்ந்ததில்லை.

"அந்தக் காக்கை," என்றாள், "வானத்துல பருந்து இருக்குன்னு தவளைகிட்ட ஏன் சொல்லல அண்ணா?"

அவர் அழுதார். அவள் ஆறுதல் சொல்லவில்லை. மூடும் மணி அடித்த பிறகும் அண்ணன் அந்த அறையில் இருந்தாராம். கைவிளக்கும் உருப்பெருக்கியும் வாங்கிவரச் செய்து, கறுப்பின் ஒவ்வொரு விரற்கடையையும் பார்த்தாராம். இதை அண்ணி பிறகு சொல்லித்தான் அவள் அறிந்தாள்.

மறுநாள் நண்பகல் கடந்ததும் அவர் அவள் வீட்டுக்கு வந்தார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எவ்வளவு நாளைக்கு முழிச்சிருப்பே? தூங்கு. நான் சொல்றேன். இந்தத் தடவை இருக்கிறதை மட்டும் சொல்றேன்."

"உன்னை எப்படி நம்புறது?"

"நம்பாத. ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பார்த்துட்டு அப்புறமா காலை வை."

அந்தப் பதிலுக்காகவே அவள் படுத்தாள். வெயில் சன்னல் வழியே முகத்தில் விழுந்தது. தெருவில் குழந்தைகள் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஓசை மெல்ல மெல்ல, ஒவ்வொரு உதைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, நீர் சொட்டும் ஓசையாக மாறியது.

விளிம்பு இல்லை. அவள் அதைக் கடந்து வெகு கீழே இருந்தாள்.

குளிர். கல். கைகளுக்கு அடியில் கல் இறங்குகிறது.

"இது பள்ளம்." அண்ணனின் குரல், மிக உயரத்திலிருந்து. "புல் இல்ல. கறுப்புப் பாறை, ஈரம். உன் இடது கைக்கு மேல ஒரு விளிம்பு இருக்கு. தொட்டுப் பாரு."

தொட்டாள். இருந்தது.

"பிடி. வலது காலுக்கு ஒரு வெடிப்பு. முட்டி உயரத்துல."

இருந்தது. ஏறினாள். கணுக்காலை எதுவோ தடவியது. மென்மையான விரல்நுனிகள், தட்டச்சு அடித்தே தேய்ந்தவை.

"எங்களை விட்டுட்டா போறே?"

ஏறினாள். வெடிப்பு. விளிம்பு. வெடிப்பு. ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் இருந்தது. பல காலத்துக்குப் பிறகு அவளுக்கு அண்ணன் திரும்பக் கிடைத்ததுபோல் இருந்தது. அந்த நிம்மதி வந்த கணத்தில் குரல் நின்றது.

"அண்ணா?"

"இதுக்கு மேல தெரியல பாப்பா. வெறும் கறுப்பு. எதையாவது சொல்லிடலாம். சொல்லமாட்டேன்."

"அப்ப நான்?"

கீழே மூச்சுகள் நெருங்கின. கால் பிடியை இழந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக—

"இரு. கிட்ட வந்து பார்க்கிறேன்."

குரல் உயரத்திலிருந்து வரவில்லை. அவள் காதோரத்தில் இருந்தது. சட்டைத் துணியின் சோப்பு வாசனை. சற்றே மடங்கிய ஒரு முழங்கை வந்து அவள் கையில் பட்டது.

"பிடிச்சுக்க."

முழங்கைக்குக் கொஞ்சம் மேலே பிடித்தாள். அவர் அரை அடி முன்னால் ஏறினார். பேசவில்லை, தடவித் தடவி, மூச்சிரைக்க, தாமும் ஒரு கண்ணில்லாதவராக ஏறினார். கல் கரடாயிற்று. காற்று வந்தது. கால்களுக்கு அடியில் சரளை.

"பாறைக்கு வந்துட்டோம். இவனைத் தாண்டினா..." அண்ணன் நிறுத்தினார்.

அவள் கையை நீட்டினாள். பயணி நிற்கவேண்டிய இடத்தில் யாருமில்லை. பாறையில் இரண்டு பாதங்களின் தடம் மட்டும் இருந்தது. தொட்டால் வெதுவெதுப்பாக.

"எங்க போனான்?"

"தெரியல." அவர் அவளைப் பாறையிலிருந்து இறக்கிக் கூட்டிப்போய், அவள் கையை எடுத்துக் கருகிய மரத்தின்மேல் வைத்தார். "இங்கிருந்து உனக்கு வழி தெரியும். பாதையில இந்த இடம் வரைக்கும் நான் சொன்னது பொய் இல்ல. போ."

"நீ?"

"அவங்களையும் நான்தானே அங்க உட்கார வச்சேன்."

முழங்கை அவள் விரல்களிலிருந்து நழுவியது. சரளை ஒலித்தது, கீழ்நோக்கி.

விழித்தாள். சன்னல். வெயில். பந்து சுவரில் மோதியது. "அண்ணா" என்றாள். பக்கத்து நாற்காலியிலிருந்து முணுமுணுப்பு வந்தது. உயிரே திரும்பியதுபோல எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தைத் தொட்டாள்: குளிர்ந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன, இமை மயிரில் விரல் பட்டும் அவை மூடவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

"...சார், காலை இங்க வைங்க... ஈரமா இருக்கு, பார்த்து... அக்கா, அவசரமில்ல, முட்டி வலிச்சா நிப்போம்... இனிமே இருக்கிறதைத்தான் சொல்லுவேன்..."

அவள் கை தோளிலிருந்து இறங்கியது. அவருடைய முழங்கை உடலிலிருந்து சற்றே விலகி, மடங்கி, காத்திருக்கும் வாகில் விறைத்திருந்தது. அதற்கு மேலே சட்டைத் துணி நனைந்திருந்தது. சேறு. தடவினாள். விரல்கள் பதிந்த குழிகள். ஒல்லியானவை ஒரு கையினுடையவை. அகன்றவை இன்னொரு கையினுடையவை. அவர்கள் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். அவர் கூட்டி வருகிறார். அவள் கண்களில் நீர் வழிந்தது.

முணுமுணுப்பு நின்றது.

"கையில தடியோட... நீங்க யாரு?" என்றார் அண்ணன். "உங்களை நான் உட்கார வைக்கலியே."

அவளுடைய விரல்களுக்கு அடியில், ஈரத்துணி மெல்ல உள்ளே அழுந்தியது. ஒன்று. மற்றொன்று. அவள் அறிந்த எந்தக் கையினதையும்விட நீளமான விரல்கள்.